வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் எந்த மருந்து: நாய், பூனை வளர்ப்போருக்கான ஓர் ஒப்பீடு

வலிப்பு வந்த நாயையோ பூனையையோ மருத்துவரிடம் கொண்டு செல்பவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: இருப்பதிலேயே நல்ல மருந்து எது? வலிப்புநோய் கொண்ட நாய் ஒன்றைப் பல ஆண்டுகளும், பிற்பாடு முதுகெலும்பு வட்டு நழுவி நரம்பு வலியால் துன்பப்பட்ட மற்றொரு நாயையும் வளர்த்த அனுபவத்தில் சொல்கிறேன்: அந்தக் கேள்விக்கு எல்லா விலங்குகளுக்கும் பொருந்தும் விடை கிடையாது. விடை உள்ள கேள்விகள் இரண்டு. இந்த விலங்கின் கல்லீரலும் சிறுநீரகமும் எந்த மருந்தைத் தாங்கும் என்பது ஒன்று. இந்த வீட்டில் இருப்பவர்களால் எந்த மருந்தை வேளை தவறாமல் ஆண்டுக்கணக்கில் கொடுக்க முடியும் என்பது மற்றொன்று. முதற்கேள்வியை மருத்துவர் இரத்தப் பரிசோதனையால் அறிந்துகொள்வார். இரண்டாவதற்கான விடையை நாம் வாய்திறந்து சொன்னாலொழிய அவருக்குத் தெரிய வழியில்லை. கீழே வரும் ஒப்பீடு இந்த இரண்டையும் அளவுகோலாகக் கொண்டது. மருந்தளவை முடிவு செய்வது, விலங்கின் எடையையும் பரிசோதனை முடிவுகளையும் கையில் வைத்திருக்கும் மருத்துவரின் வேலை. ஆகவே மருந்தளவுகளை நான் இங்கே தரவில்லை.

மருந்தைத் தொடங்குவதா, காத்திருப்பதா என்பதே முதல் முடிவு. ஒரே ஒரு முறை வலிப்பு வந்து பிறகு மாதக்கணக்கில் ஒன்றும் இல்லையென்றால், மருந்தின்றிக் கவனித்து வருவது தவறாகாது. ஆறு மாதத்துக்குள் இரண்டு முறையோ அதற்கு மேலோ வலிப்பு வந்தால், 24 மணி நேரத்துக்குள் அடுத்தடுத்து வந்தால், ஒரே வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினால், அல்லது வலிப்பு தெளிந்த பின் வரும் குழப்பமும் பார்வைக் கோளாறும் ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் சிகிச்சையைத் தொடங்க வேண்டும் என்பது, பன்னாட்டுக் கால்நடை வலிப்புநோய்ப் பணிக்குழு 2015இல் வெளியிட்ட பரிந்துரைகளின் சாரம். வலிப்புகளுக்கிடையே இடைவெளி குறைந்துகொண்டே வந்தாலும் அப்படியே. காரணம் தெரியாத பரம்பரை வகை வலிப்புநோய் நாய்களுக்குப் பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஆறு வயதுக்குள் தலைகாட்டும். முதல் வலிப்பு அதற்கு முன்போ பின்போ வந்தால், இரத்தச் சர்க்கரைக் குறைவு, கல்லீரல் இரத்தக்குழாய்க் கோளாறு, நஞ்சு, மூளைக் கட்டி ஆகியவற்றை முதலில் தேட வேண்டும். காரணத்தைக் கண்டறியாமல் தொடங்கப்படும் வலிப்பு மருந்து நோயை மறைத்துவைக்கும்.

நாய்களுக்கான முதன்மைப் போட்டியாளர்கள்

நாய்களில் நீண்ட காலமாக முதலிடத்தில் இருப்பது பினோபார்பிட்டால். மனிதர்களுக்கு 1912 முதல் பயன்பட்டுவரும் மிகப் பழைய மருந்து இது. நாளுக்கு இரண்டு வேளை, பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் கொடுக்கலாம் என்பது இதன் பெரிய நன்மை. வேலைக்குச் செல்பவர்கள் உள்ள வீட்டுக்குக் காலை ஏழு, இரவு ஏழு என்ற முறை எளிதில் கைவரும். இரத்தத்தில் மருந்தளவு நிலைபெறச் சுமார் இரண்டு வாரம் ஆகும். அந்த இரண்டு வாரத்தில் நாய் தள்ளாடும், அயர்ந்து கிடக்கும், பின்னங்கால் பின்னிக்கொள்ளும். பசியும் தாகமும் பெருகும். இரவில் சிறுநீர் கழிக்க எழுப்பும். பல வீடுகளில் மருந்தைக் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான். "என் நாய் நாயாகவே இல்லை" என்று வருந்தி ஒருநாள் திடீரென நிறுத்திவிடுவார்கள். உடல் பழகிவிட்ட பினோபார்பிட்டாலைச் சட்டென நிறுத்தினால், முன்பிருந்ததைவிடக் கடுமையான வலிப்புத் தொடர் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். தள்ளாட்டமும் அயர்வும் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்களில் தணிந்துவிடும். பசியும் தாகமும் ஓரளவு நீடிக்கும் என்பதால், உணவளவை முதல் நாளிலிருந்தே அளந்து வைக்காவிட்டால் எடை ஏறும். எடை ஏறினால் மருந்தளவுக் கணக்கும் தப்பும்.

பினோபார்பிட்டாலின் நன்மைக்கு நாம் கொடுக்கும் விலை கல்லீரல். இம்மருந்து கல்லீரல் நொதிகளைத் தூண்டி, தன்னைத் தானே வேகமாகச் சிதைக்கவைக்கும். அதனால் மூன்று மாதத்துக்கு முன் போதுமானதாக இருந்த அதே அளவு இப்போது போதாமல் போகலாம். தொடங்கி இரண்டு வாரம் கழித்து ஒருமுறை, ஆறு வாரத்தில் ஒருமுறை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை என இரத்தத்தில் மருந்தளவைச் சோதிக்கும் வழக்கம் இதனால் வந்ததுதான். மில்லிலிட்டருக்கு 15 முதல் 35 மைக்ரோகிராம் வரை பாதுகாப்பான எல்லை. 35ஐத் தாண்டியே இருந்துவந்தால் கல்லீரல் சேதத்தின் வாய்ப்பு கூடுகிறது. இந்தச் சோதனைக்கு ஜெல் உள்ள குழாயில் இரத்தம் எடுத்தால் ஜெல் மருந்தை உறிஞ்சிக்கொள்ளும். அளவு உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். அந்த முடிவை நம்பி மருந்தைக் கூட்டினால் கேடு நாய்க்கு. எடுக்கும் குழாய் ஜெல் இல்லாததுதானா என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. மிக அரிதாக, ஆனால் அளவோடு தொடர்பின்றி, இரத்த அணுக்கள் சரிவதும் தோலில் புண்கள் தோன்றுவதும் உண்டு. முதல் சில மாதங்களில் காய்ச்சல், ஈறு வெளுத்தல், உடலில் நீலத் திட்டு, மஞ்சள் காமாலை இவற்றில் எது தெரிந்தாலும் அடுத்த சோதனைத் தேதிக்காகக் காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

பினோபார்பிட்டாலுக்கு எதிரே வைத்துப் பார்க்க வேண்டியது பொட்டாசியம் புரோமைடு. 1857 முதல் மனித வலிப்புக்குப் பயன்பட்டு, பின்னர் மனித மருத்துவத்தில் பெரும்பாலும் வழக்கொழிந்து, முக்கியமாக நாய்களுக்காக உயிர்பிழைத்திருக்கிற மருந்து என்று இதைச் சொல்லலாம். இது கல்லீரலைத் தொடுவதில்லை. சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. கல்லீரல் ஏற்கெனவே பழுதான நாய்க்கு இதுவே சிறந்த வழி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வேகம் என்பது இதனிடம் கிடையாது. நாயின் உடலில் பாதி வெளியேறவே சுமார் 25 நாள் ஆகும் என்பதால், மருந்தளவு நிலைபெற மூன்று மாதம் வரை காத்திருக்க வேண்டும். இதே மெதுவான தன்மைக்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு: ஒரு வேளை தவறினால் பினோபார்பிட்டாலில் ஏற்படும் அபாயம் இதில் மிகக் குறைவு. நாள்தோறும் ஒரே நேரத்தில் வீட்டில் இருக்க முடியாதவர்களுக்கு இது சிறிய நன்மை அன்று.

புரோமைடைத் தேர்ந்தெடுப்பவர்கள் கட்டாயம் அறிய வேண்டியது உப்பு. புரோமைடும் குளோரைடும் சிறுநீரகத்தில் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வெளியேறுபவை. உணவில் உப்பு திடீரெனக் கூடினால் புரோமைடு வேகமாக வெளியேறி வலிப்பு திரும்பும்; உப்பு குறைந்தால் உடலில் தேங்கி, நாய் பின்னங்கால் விளங்காததுபோல் விழுந்து கிடக்கும். நாயின் உணவை மாற்றுவது, கடல்நீரில் நீந்தவிட்டு அந்நீரைக் குடிக்கவிடுவது, உப்புள்ள தின்பண்டத் துண்டுகளைப் பழக்குவது எல்லாமே மருந்தளவை மாற்றுவதற்குச் சமம். சிகிச்சைக் காலம் முழுவதும் ஒரே உணவு, அதே உப்பு என்பதே விதி. வயிற்றைப் புரட்டி வாந்தி வரவழைக்கும் என்பதால் உணவோடு கொடுக்க வேண்டும். கணைய அழற்சி வந்த வரலாறு இருந்தால் மருத்துவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். வேறு எதற்காகவோ இரத்தப் பரிசோதனை செய்யும்போது, பல கருவிகள் புரோமைடைக் குளோரைடாக எண்ணிவிடும். இதை அறியாத மருத்துவர் வேறொரு நோயைத் தேடத் தொடங்காமலிருக்க, நாய் புரோமைடில் இருப்பதைச் சொல்லிவிடுவது நம் பொறுப்பு.

இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்திய ஆய்வொன்று 2012இல் வெளியானது. அதில் பினோபார்பிட்டால் பெற்ற 20 நாய்களில் 17க்கு வலிப்பு முற்றிலும் நின்றது. புரோமைடு பெற்ற 23இல் 12க்கு நின்றது. வாந்தி புரோமைடு பக்கமே அதிகம். இந்த எண்களைப் பார்த்தபின், கல்லீரல் நலமாக இருக்கும் நாய்க்குப் புரோமைடை முதல் மருந்தாகத் தொடங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. பினோபார்பிட்டால் போதாதபோது இரண்டாவது மருந்தாகச் சேர்ப்பதற்கு அது மிகப் பொருத்தம்.

மூன்றாவது, இன்று மிகவும் விரும்பப்படும் லெவெடிராசிட்டம். கல்லீரலை வருத்தாது, பக்கவிளைவு மிகக் குறைவு, வேகமாக வேலைசெய்யும். கேட்கும்போது எல்லோருக்கும் இதையே தேர்ந்தெடுக்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் நாயின் உடலில் இது மூன்று நான்கு மணி நேரத்திலேயே பாதியாகக் குறைந்துவிடுவதால் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளுக்கு மூன்று வேளை கொடுக்க வேண்டும். நடுப்பகல் வேளையைக் கொடுக்க ஆள் இல்லாத வீட்டில் இது எட்டு மணி நேரம் என்ற பெயரில் பன்னிரண்டு மணி நேரமாகிவிடும். என் வீட்டில் நடந்தது இதுவே. காலை ஆறு, பிற்பகல் இரண்டு, இரவு பத்து என்று சுவரில் எழுதி ஒட்டினோம். இரண்டாம் மாதத்தில் பிற்பகல் வேளை நான்கு மணிக்கும் ஐந்து மணிக்கும் நகர்ந்தது. நாய்க்கு வலிப்பு வந்த மூன்று முறையும் அது தாமதமான நாள்களாக இருந்தன என்பதை நாட்குறிப்பைப் புரட்டியபோதுதான் கண்டேன். பினோபார்பிட்டாலுக்கு மாறிய பிறகு, வலிமையில் சற்றுக் கடுமையானது என்று நான் அஞ்சிய அந்த மருந்தே எங்கள் நேரத்துக்குள் அடங்கி, நாயைப் பாதுகாத்தது.

நாளுக்கு இருமுறை கொடுக்கக்கூடிய, மெதுவாகக் கரையும் லெவெடிராசிட்டம் மாத்திரைகளும் உள்ளன. அவற்றை உடைக்கவோ நொறுக்கவோ நாய் மெல்லவோ கூடாது. உடைந்தால் பன்னிரண்டு மணி நேர மருந்து ஒரே மூச்சில் உடலில் இறங்கிவிடும். மாத்திரையின் குறைந்தபட்ச அளவே பெரிது என்பதால் சிறிய நாய்களுக்கும் பூனைகளுக்கும் இவ்வகை பொருந்துவது அரிது. மலத்தில் மாத்திரையின் கூடு முழுதாக வந்தால் பயப்பட வேண்டாம். மருந்து வெளியேறிய வெற்றுக்கூடுதான் அது. தனியாகக் கொடுக்கும்போது லெவெடிராசிட்டம் பினோபார்பிட்டாலுக்கு ஈடாகவில்லை என்று 2016இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு காட்டியது. பினோபார்பிட்டாலோடு சேர்த்தால் அது லெவெடிராசிட்டத்தை வேகமாக வெளியேற்றிவிடும். ஆகவே கூடுதல் அளவு தேவைப்படும். சில நாய்களில் தொடக்கத்தில் நன்றாகக் கட்டுப்பட்டு, சில மாதங்களில் பயன் மங்கிவிடுவதும் உண்டு. அடுத்தடுத்து வரும் வலிப்புத் தொடரின்போது மட்டும், முதல் வலிப்பு தெளிந்தவுடன் தொடங்கி வலிப்பில்லாமல் இரண்டு நாள் ஆகும்வரை கொடுக்கும் இடைக்கால முறைக்கே இம்மருந்து மிகவும் உதவுகிறது என்பது என் முடிவு.

மற்ற இரண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஐரோப்பாவில் 2013இல் நாய்களுக்கென்றே அனுமதி பெற்ற இமெபிடாயின், பினோபார்பிட்டாலைவிடக் குறைவாக மயக்கும். இரத்த அளவுச் சோதனையும் தேவையில்லை. ஆனால் தொடர் வலிப்பு வரும் நாய்களுக்கு அதன் பயன் போதாது. சோனிசமைடு, சல்ஃபா மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தது. சல்ஃபா ஒவ்வாத நாய்க்குத் தரக் கூடாது.

பூனை சிறிய நாய் அன்று

நாய்க்கு நன்மை செய்த மருந்தை அதே வீட்டுப் பூனைக்குக் கொடுப்பதுபோல் ஆபத்தான காரியம் வேறில்லை. பொட்டாசியம் புரோமைடு பூனைகளுக்கு மூச்சுக்குழல் அழற்சியை உண்டாக்கி ஆஸ்துமாபோல் மூச்சுத்திணற வைக்கிறது, உயிரிழப்பும் நேர்ந்துள்ளது. வலிப்பை அடக்கும் டயசெபத்தை வாய்வழி கொடுத்தால், அது சில பூனைகளுக்குச் சில நாள்களிலேயே கல்லீரல் திசுக்களை அழித்துக் கொன்றுவிடுகிறது. எந்தப் பூனைக்கு நேரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததால், அதை வீட்டில் தொடர்ந்து கொடுக்கும் மருந்தாக எண்ணவே கூடாது.

பூனைக்கும் பினோபார்பிட்டாலே முதல் மருந்து. நாயின் கல்லீரலைத் தூண்டுவதுபோல் பூனையின் கல்லீரலை அது தூண்டுவதில்லை. ஆகவே ஒருமுறை அளவு நிலைபெற்றால் நீண்ட நாள் அப்படியே நிற்கும். வயதான பூனைகளில் தட்டு விழும் ஒலி, காகிதம் கசங்கும் ஒலி போன்றவற்றால் தூண்டப்படும் துடிப்பும் வலிப்பும் ஒன்று உண்டு. அதற்கு மட்டும் லெவெடிராசிட்டம் பினோபார்பிட்டாலைவிடத் தெளிவாக மேலானது. லெவெடிராசிட்டச் சிரப்பின் கசப்பால் பூனைக்கு எச்சில் வழிந்து, அடுத்த வேளை மருந்தைக் கண்டாலே கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்ளும். மாத்திரையோ சிரப்போ, கொடுப்பவரின் திறமையைவிடப் பூனையின் இயல்பைப் பார்த்து முடிவு செய்வது நல்லது. பூனைக்கு வறண்ட மாத்திரையை விழுங்கக் கொடுத்தால் அது உணவுக்குழலிலேயே தங்கிப் புண்ணாக்கக் கூடும். பின்னாலேயே ஐந்து ஆறு மில்லிலிட்டர் தண்ணீரை ஊசியில்லாத சிரிஞ்சால் கன்னத்தின் ஓரமாக மெல்ல விட்டால் இறங்கிவிடும்.

நரம்பு வலிக்கு: காபாபென்டினும் பிரீகாபலினும்

வட்டு நழுவல், முதுகுத்தண்டில் நீர்க்கட்டி, நீரிழிவால் பூனைகளுக்கு வரும் நரம்புச் சிதைவு ஆகியவற்றால் வரும் வலி, காயத்தின் வலியைப் போன்றதன்று. தொட்டால் திடீரெனக் கத்துவது, ஒரே பாதத்தை ஓயாமல் நக்குவது, தோல் சிலிர்ப்பதுபோல் முதுகு நெளிவது, கழுத்துப் பட்டை படாமலே காற்றில் சொறிவது ஆகியவை இதன் அடையாளங்கள். அழற்சி வலிக்கான மருந்துகள் இதற்குப் பெரும்பாலும் போதா. இங்கே முன்னிற்பவை காபாபென்டினும் பிரீகாபலினும். இரண்டும் நரம்பு முனையில் உள்ள கால்சியம் வாயிலின் ஒரே பகுதியில் ஒட்டிக்கொண்டு, வலியைச் சுமந்து செல்லும் வேதிப்பொருள்கள் வெளியாவதைக் குறைக்கின்றன. காபாபென்டின் மனித வலிப்புக்கு 1993இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, பிரீகாபலின் நரம்பு வலிக்கு 2004இல்.

காபாபென்டினின் நன்மைகள்: பழக்கப்பட்டது, எளிதில் கிடைப்பது, மருத்துவர்களுக்கு நன்கு தெரிந்தது. அதன் குறை மீண்டும் நேரம்தான். நாயின் உடலில் மூன்று நான்கு மணி நேரத்தில் பாதி மறைந்துவிடுவதால் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும். பிரீகாபலின் அந்த வாயிலில் இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். அது பாதியாகக் குறைய நாயில் சுமார் ஏழு மணி நேரமும் பூனையில் சுமார் பத்து மணி நேரமும் ஆகும். எனவே பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போதும். மயக்கமும் தள்ளாட்டமும் இரண்டிலும் வரும். பிரீகாபலினில் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்திருக்கிறேன். நான் நரம்பு வலி நாய்க்குக் காபாபென்டினில் தொடங்கி, நடுப்பகல் வேளையைக் காப்பாற்ற முடியாமல் மருத்துவரின் ஒப்புதலுடன் பிரீகாபலினுக்கு மாறினேன். அந்த மாற்றத்தை முதல் வாரத்திலேயே கேட்டிருக்க வேண்டும் என்ற வருத்தம் இன்றும் உண்டு. வலியில் கழிந்த பிற்பகல்கள் நாய்க்குத் திரும்பி வரப்போவதில்லை.

இரண்டுமே சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால், சிறுநீரகம் தளர்ந்த விலங்குக்கு அளவைக் குறைக்க வேண்டும். முதிய பூனைகளில் சிறுநீரக நோய் மிகப் பரவலானது. வழக்கமான அளவைக் கொடுத்ததும் ஒரு நாள் முழுதும் எழ முடியாமல் பூனை தூங்குவதைக் கண்டால், அது மருந்து ஒத்துவராததல்ல, வெளியேறாததே என்று ஐயுற வேண்டும். காபாபென்டினை நாயின் கல்லீரலும் ஓரளவு சிதைக்கிறது என்பதால் கல்லீரல் நோய் உள்ள நாய்க்கும் மருத்துவர் கவனமாகவே இருப்பார். வயிற்று அமிலத்தைத் தணிக்கும், மக்னீசியம் அல்லது அலுமினியம் உள்ள மருந்தைத் தருகிறீர்களென்றால் இரண்டு மணி நேர இடைவெளி விட வேண்டும். இல்லையெனில் காபாபென்டின் முழுமையாக உட்செல்லாது.

மாத்திரை, கேப்சூல், சிரப் என்ற தேர்வு இங்கே உயிர் சார்ந்தது. மனிதருக்கான சில காபாபென்டின் சிரப்புகளில் இனிப்புக்காகச் சைலிட்டால் சேர்க்கப்பட்டுள்ளது. நாயின் உடல் சைலிட்டாலைச் சர்க்கரையென்று நம்பி இன்சுலினைக் கொட்டிவிடும். உடல் எடையின் கிலோவுக்கு 0.1 கிராம் அளவிலேயே இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். அதைவிடக் கூடினால் கல்லீரல் அழியலாம். மருந்துக் கடையில் உள்ளவர் மனித மருந்தென்று எண்ணியே எடுத்துத் தருவார். மருந்துச் சீட்டில் சிரப் என்றிருந்தால், "சைலிட்டால் இல்லாததா?" என்ற கேள்வியைக் கேட்காமல் வெளியேறக் கூடாது. என் பரிந்துரை கேப்சூல்தான். அதைத் திறந்து தூளை உணவில் கலக்கலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தூள் கசப்பானது என்பதால் உணவை ஒதுக்கும் விலங்குக்கு அது பயன்படாது.

இவ்விரண்டோடு அமாண்டடின் சேர்க்கப்படுவதும் உண்டு. நாள்பட்ட வலியால் கூர்மையாகிப்போன நரம்பைத் தணிக்கும் துணைமருந்து அது. மனிதருக்கான பாராசிட்டமாலைப் பூனைக்குக் கொடுப்பது கொலைக்கு ஒப்பானது: அதைச் சிதைக்கும் நொதி பூனைக்குப் போதாது. இரண்டு மூன்று நாளாக வலி தாங்காமல் தவிக்கும் விலங்கைப் பார்த்து மனம் கலங்குவது இயல்புதான். ஆனால் வீட்டு மருந்துப் பெட்டியைத் திறக்கும் முன் மருத்துவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு செய்ய வேண்டும்.

வலிப்பும் நரம்பு வலியும் ஒரே விலங்கில் இருந்தால், காபாபென்டின் இரண்டுக்கும் போதும் என்று நினைப்பது பெருந்தவறு. நாய்களின் வலிப்பில் அது துணைமருந்தாகச் சேர்க்கப்படுவதுண்டு. தனித்து நிற்கும் வலிமை அதற்கில்லை. ஆனால் அதைச் சட்டென நிறுத்தினால் வலிப்பு தூண்டப்படலாம் என்பதால், வலி தணிந்துவிட்டது என்று மகிழ்ந்து ஒரே நாளில் நிறுத்திவிடக் கூடாது. படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

கொடுக்கும் கையில் உள்ள பாதுகாப்பு

மருந்து சரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பின்னும் தவறு நேரும் இடங்கள் சில உண்டு. பினோபார்பிட்டால் மாத்திரைகளின் அளவு சில இடங்களில் மில்லிகிராமிலும் சில இடங்களில் கிரெயின் என்ற பழைய அளவிலும் எழுதப்படுகிறது. ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம். கால் கிரெயின் என்றும் 16 மில்லிகிராம் என்றும் எழுதப்பட்டவை ஏறத்தாழ ஒரே மாத்திரை. புதிய கடையில் வாங்கும்போதும், மாத்திரையின் நிறமோ வடிவமோ மாறியிருக்கும்போதும், எத்தனை மில்லிகிராம் என்பதைப் பழைய டப்பாவோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பினோபார்பிட்டாலும் பென்டோபார்பிட்டாலும் ஒலியில் நெருக்கமானவை. பின்னது விலங்குகளைக் கருணைக்கொலை செய்யப் பயன்படுவது என்பதால், தொலைபேசியில் பெயரைச் சொல்லும்போது எழுத்து எழுத்தாகச் சொல்வது மிகையாகாது.

ஒரு வேளை தவறிவிட்டால், நினைவுக்கு வந்த உடனே கொடுக்கலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் தவறியதை விட்டுவிட்டு அடுத்ததிலிருந்து தொடரலாம். இரண்டு வேளையைச் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. இந்த விதி மேற்சொன்ன எல்லா மருந்துக்கும் பொதுவானது. இரண்டு நபர்கள் கொடுக்கும் வீட்டில் ஒரே வேளையை இருவரும் கொடுத்துவிடுவது நான் அறிந்த மிகப் பரவலான விபத்து. ஒரு தாளில் கட்டம் போட்டு, கொடுத்தவர் கொடுத்தவுடன் கையெழுத்திடும் பழக்கம் அதைத் தவிர்க்கும். அந்தத் தாளே வலிப்பு வந்த நாள், நேரம், நீடித்த நிமிடம் ஆகியவற்றையும் ஏற்றுக்கொண்டால், மருத்துவருக்கு அதைவிட மதிப்புள்ள தகவல் வேறில்லை.

பினோபார்பிட்டால் எடுக்கும் நாய்க்கு வேறு மருந்து எழுதப்படும்போதெல்லாம் அதைச் சொல்லிவிட வேண்டும். குளோராம்பெனிகால் என்ற நுண்ணுயிர்க்கொல்லி பினோபார்பிட்டாலின் அளவை ஆபத்தாக ஏற்றிவிடும். உண்ணி, தெள்ளுப்பூச்சிக்கான ஐசோஆக்சசோலின் வகை மாத்திரைகள் சில விலங்குகளில் வலிப்பைத் தூண்டக்கூடும் என அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018இல் எச்சரித்தது. வலிப்பு வரலாறு உள்ள விலங்குக்கு மாற்று வகையைக் கேட்பது நல்லது. பினோபார்பிட்டால் தைராய்டு சோதனையின் அளவையும் குறைத்துக் காட்டும். அதை நம்பித் தேவையற்ற தைராய்டு மருந்தைத் தொடங்கிவிடக் கூடாது.

அவசர நேர மருந்திலும் தேர்வு உண்டு. வீட்டில் வைத்துக்கொள்ள மருத்துவர் தரும் மருந்துகள் பெரும்பாலும் இரண்டு: ஆசனவாய் வழி டயசெபம், மூக்கு வழி மிடசோலம். 2017இல் வெளியான ஆய்வில் மூக்கு வழி மிடசோலம் 20 நாய்களில் 14இல் வலிப்பை நிறுத்தியது. ஆசனவாய் வழி டயசெபம் 15இல் 3இல் மட்டுமே. எண்ணிக்கை சிறியதே ஆயினும் வேறுபாடு பெரியது. துடிக்கும் நாயின் வாலைத் தூக்கி மருந்தைச் செலுத்துவதைவிட மூக்கில் தெளிப்பது நடுங்கும் கைகளுக்கும் எளிது. மூக்கில் தெளிக்கும் முனை கிடைத்தால் மிடசோலத்தையே கேட்பேன். டயசெபத்தை வைத்திருப்பவர்கள் அதைப் பிளாஸ்டிக் சிரிஞ்சில் முன்பே நிரப்பி வைக்கக் கூடாது. பிளாஸ்டிக் மருந்தை உறிஞ்சிவிடும், வெளிச்சமும் அதைக் கெடுக்கும். வாய்க்குள் எதையும் திணிக்க வேண்டாம்: வலிப்பில் நாய் நாக்கை விழுங்காது, கையைக் கடிக்கும். ஐந்து நிமிடம் தாண்டினாலும், ஒரு வலிப்பிலிருந்து முழுமையாகத் தெளியாமல் அடுத்தது வந்தாலும், வீட்டு மருந்தைக் கொடுத்துவிட்டுக் காத்திராமல் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

கடைசி முடிவு, ஒரு வருடமோ இரண்டு வருடமோ வலிப்பே வராத நாய்க்கு மருந்தை நிறுத்தலாமா என்பது. மாதத்துக்கு 20 விழுக்காட்டுக்கு மேற்படாமல் மெதுவாகக் குறைத்துப் பார்ப்பது ஏற்கத்தக்க முயற்சிதான். ஆனால் நிறுத்திய பின் வலிப்பு திரும்பினால், மீண்டும் அதே மருந்தால் அதே கட்டுப்பாடு கிடைக்கும் என்ற உறுதி இல்லை. ஒருமுறை லேசான வலிப்பு வந்து நின்றுபோன நாய்க்கும் மருந்தின் பக்கவிளைவால் வாடும் நாய்க்கும் குறைத்துப் பார்க்கலாம் என்பேன். தொடர் வலிப்பால் ஓர் இரவை மருத்துவமனையில் கழித்த நாய்க்கு, கல்லீரல் சோதனை சீராக இருக்கும்வரை நான் தொடரவே செய்வேன். என் நாய்க்கு அப்படித்தான் செய்தேன், அதன் கடைசி மாத்திரையும் வழக்கம்போல் இரவு ஏழு மணிக்கே கொடுக்கப்பட்டது.